கடைசி பஸ்ஸும் மயக்கம் தெளியாத பூனையும்

பூனையை ஆபரேஷனுக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, "மயக்க ஊசியைத் தாங்குமா?" என்றுதான். அடுத்த கேள்வி, "எத்தனை மணிக்கு முடியும்? சோலூர்மட்டம் பஸ்ஸைப் பிடிக்கணும்." முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. மனுஷ ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோத்தகிரிக்குத் திரும்பி வந்த பிறகு, இங்கே ஒரு டாக்டரம்மா நடத்தும் சின்ன கிளினிக்கில் ஆபரேஷன் நாட்களில் போய் நிற்கிறேன். ஆக்சிஜன் சிலிண்டர் பார்ப்பேன், டியூப் எடுத்துக் கொடுப்பேன், எல்லாம் முடிந்தபின் பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கடைசி வேலையைப் பார்க்கிறவர்கள் வேலையாகவே மதிப்பதில்லை. "சார் சும்மாதானே இருக்கீங்க" என்று போனை சார்ஜ் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். தாங்கும். பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏறக்குறைய 79,000 பூனைகள். ஆரோக்கியமான பூனைகளில், மயக்க மருந்து சம்பந்தமாக இறந்தது சுமார் 900-க்கு ஒன்று. ஏற்கெனவே நோயோடு வந்தவற்றையும் சேர்த்தால் 400-க்கு ஒன்று. நாயை விட அதிகம், மனிதரை விடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் ஆபரேஷனே வேண்டாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு இல்லை.

அந்த ஆய்வில் என்னை உட்காரவைத்தது வேறொரு கணக்கு. இறந்த பூனைகளில் பத்துக்கு ஆறு மேஜைமேல் இறக்கவில்லை. தையல் போட்டு, வாயிலிருந்து டியூபை உருவி, "முடிஞ்சது" என்று சொன்ன பிறகு இறந்திருக்கின்றன. அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதாவது, ஆபரேஷன் நடக்கும்போது நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள், மானிட்டர் கத்துகிறது, எல்லார் கண்ணும் பூனை மேல். ஆபத்து அதற்கப்புறம்தான் வருகிறது, அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

மனுஷ ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ரெக்கவரி ரூம் உண்டு. நோயாளி பேர் சொல்ல வேண்டும், தலையைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஆக்சிஜன் அளவு நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வார்டுக்கு. பூனைக்கு ரெக்கவரி ரூம் எது? நம் மலையில் பெரும்பாலும் ஒரு அட்டைப்பெட்டி. அதுவும் அரசு பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில். பாதி மயக்கத்தில் இருக்கிற பூனை பெட்டியின் மூலையில் தலை மடங்கி விழுந்தால், கழுத்து வளைந்து மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். தானாக நிமிர்த்திக்கொள்ளத் தெம்பு இருக்காது. வெளியே இருக்கிறவருக்கு அது "நல்லா தூங்குது" என்றுதான் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும். பழி மயக்க ஊசி மேல்.

இதில் குளிரையும் உயரத்தையும் சேர்க்க வேண்டும். பூனையின் உடல் சூடு சாதாரணமாக 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். மயக்கம் கொடுத்ததும் உடலின் உள்ளே இருக்கும் சூடு தோலுக்குப் பரவி வெளியே போய்விடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில்தான் இறக்கம் வேகம். போதாக்குறைக்கு வயிற்று முடியை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஸ்டீல் மேஜையில் கிடத்துகிறோம். சின்ன உடம்பு, எடைக்குத் தோல் பரப்பு அதிகம். சமவெளி கிளினிக்கில் மின்விசிறியை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். இங்கே டிசம்பர், ஜனவரியில் அறைக்குள்ளேயே மூச்சு புகையாகத் தெரியும். சூடு இறங்கினால் மருந்தைக் கரைத்து வெளியேற்றும் வேலை மெதுவாகும், தெளிவதற்கு நேரமாகும். தெளியத் தொடங்கியதும் உடம்பு நடுங்கும். நடுங்குகிற உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். தையல் போட்ட வயிறு ஒவ்வொரு நடுக்கத்துக்கும் இழுத்து வலிக்கும்.

உயரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, நாம் இங்கேயே பிறந்து வளர்ந்ததால். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர், ஊட்டி 2,240. காற்றழுத்தம் இங்கே கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு, ஊட்டியில் முக்கால் பங்கும் கொஞ்சமும். நல்ல பூனைக்கு அது ஒன்றுமில்லை. மயக்கத்தில் மூச்சு மேலோட்டமாகப் போய்க்கொண்டிருக்கும் பூனைக்கு, சென்னையில் இருக்கிற தாராளம் இங்கே கிடையாது. எங்கள் கிளினிக்கில் தெளிகிற வரைக்கும் மூக்கருகே ஆக்சிஜன் குழாய் இருக்கும். சிலிண்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறது, செலவுதான். ஆனாலும் அதில் மிச்சம் பிடிப்பதில்லை என்பது டாக்டரம்மாவின் கட்டளை.

சூடு கொடுப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வெந்நீர் பாட்டிலை அப்படியே வயிற்றோடு ஒட்டி வைப்பார்கள். விழித்திருக்கும் பூனை சுட்டால் நகர்ந்துவிடும். மயங்கிக் கிடப்பதால் நகர முடியாது. தோல் வெந்து, நாலு நாள் கழித்து உரியும்போதுதான் தெரியவரும். பாட்டிலைத் துணியில் சுற்றி, கையால் தொட்டுப் பார்த்து, நடுவில் ஒரு கம்பளி வைத்துத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆறிப்போன பாட்டில் இன்னும் மோசம், அது சூட்டை உறிஞ்சும். குழந்தைகளுக்கான கம்பளிச் சாக்ஸை நாலு காலிலும் மாட்டிவிடுவோம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

மனுஷத் தியேட்டரிலிருந்து வந்தவன் என்பதால், பூனையிடம் வந்து நான் புதிதாகப் படித்தவை நிறைய. தொண்டையில் டியூப் போடும்போது பூனையின் குரல்வளை பட்டென்று மூடிக்கொள்ளும். லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஒரு துளி தெளித்துவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, அது மூச்சு இழுக்கத் திறக்கும் நொடியில் நுழைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் வீங்கி, டியூபை எடுத்த பிறகு அடைக்கும். அதுவும் அந்த மூன்று மணி நேரக் கணக்கில்தான் சேரும். டியூபின் நுனியில் இருக்கும் பலூனை அதிகமாக ஊதினாலோ, டியூபை மெஷினிலிருந்து கழற்றாமலே பூனையைப் புரட்டினாலோ மூச்சுக்குழாய் கிழிந்துபோகும். பல் பிடுங்கும்போது வாயை ஸ்பிரிங் வைத்து அகலத் திறந்து வைத்தால், மூளைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தக்குழாய் தாடை எலும்பில் நசுங்கி, எழுந்த பூனைக்குக் கண் தெரியாமல் போனதும் உண்டு. நாங்கள் ஊசி மூடியை வெட்டி முட்டுக் கொடுக்கிறோம், அதுவும் சிறிய துண்டாக.

டிரிப் விஷயம் தனி. 4 கிலோ பூனையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் கால் லிட்டருக்கும் குறைவு. மனுஷருக்கு மாட்டுகிற அரை லிட்டர் பாட்டிலைக் கவனிக்காமல் ஓடவிட்டால், அதன் ரத்தத்தைப் போல் இரண்டு மடங்கு தண்ணீர் உள்ளே போயிருக்கும். நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த பிரிட்டன் ஆய்விலும் டிரிப் போட்ட பூனைகளுக்கு ஆபத்து கூடியே இருந்தது. 60 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி ஆகும் மைக்ரோ டிரிப் செட்டைத் தவிர வேறெதையும் பூனைக்குத் தொடுவதில்லை.

பட்டினி போடுவதும் அப்படித்தான். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து பூனையைக் காயப்போட்டு, மறுநாள் மத்தியானம் கொண்டுவருகிறார்கள். மனுஷருக்கு "ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது" என்று கேட்டுக் கேட்டு ஊறிய பழக்கம். அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2018-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலில் மூன்று, நாலு மணி நேரமே போதும் என்று சொல்லிவிட்டார்கள். குட்டிகளை நெடுநேரம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, அதனாலேயே எழுந்திருக்காது.

இனி வலி. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், சுற்றி வளைத்து வந்துவிட்டேன்.

மனுஷரிடம் கேட்டுவிடலாம். "பத்துக்கு எவ்வளவும்மா வலிக்குது?" அவர் எட்டு என்பார், நாம் ஊசி போடுவோம். பூனை எதுவும் சொல்லாது. கத்தாது. நாய் வலித்தால் ஊரைக் கூட்டும், பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். வேட்டையாடும் பிராணிதான், ஆனால் தன்னையும் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவுள்ள பிராணி. நம் பக்கத்துப் பூனைக்கு அது தெரியாதா என்ன? பலவீனத்தை வெளியே காட்டினால் கதை முடிந்தது. அதனால்தான், "சத்தமே போடலையே, வலி இல்லைபோல" என்று எல்லாரும் சமாதானமாகிவிடுகிறோம். ரொம்ப நாள் வரை மருத்துவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். நாய்க்கு வலி ஊசி போட்ட இடத்தில் பூனைக்குப் போடாமல் விட்டார்கள்.

2019-இல் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பூனையின் முகத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது. காது, கண், மூஞ்சி, மீசை, தலை என ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. மொத்தம் பத்து. நாலு வந்தால் வலி மருந்து கொடு என்பது கணக்கு. காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் பூஜ்யம், வெளிப்பக்கமாகத் திரும்பித் தட்டையானால் இரண்டு. கண் இடுங்க இடுங்க மதிப்பெண் ஏறும். மூக்குக்குக் கீழே உருண்டையாக இருக்கும் மூஞ்சி இறுகி நீளவாட்டில் தட்டையாகும். தொய்வாக வளைந்து தொங்கும் மீசை முடிகள் விறைத்து நேராக முன்னால் வரும். தலை தோளுக்குக் கீழே இறங்கி, தாடை மார்போடு ஒட்டும். இவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஒரு சாயந்திரத்தில் கற்றுக்கொள்ளலாம். தூங்கும்போதும் தின்னும்போதும் மதிப்பெண் போடக் கூடாது. மயக்கம் தெளியாமல் கண் சொருகியிருக்கும்போது போட்டாலும் ஏமாற்றும்.

குறுகுறு என்று சத்தம் வந்தால் சந்தோஷம் என்று நினைப்பதும் ஏமாற்றுதான். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா, கடுவன் பூனை ஒன்றைச் சாக்குத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த சுருக்கு. பைக்கின் கிளட்ச் வயர். இடுப்பைச் சுற்றி இறுகி, பூனை முறுக்கிக்கொண்டு ஓடியதில் தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. வயரின் பிசிறுகள் முடியோடு சேர்ந்து காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கிடந்தன. பூனை ஒரு மூலையில் குந்திக்கொண்டு குறுகுறுத்தது.

"குறுகுறுங்குது பாருங்க சார். ரொம்ப வலி இல்லன்னு நெனைக்கிறேன்."

"வலிச்சாலும் குறுகுறுக்கும்மா. மூஞ்சியப் பாருங்க."

காது இரண்டு, கண் இரண்டு, தலை இரண்டு, மூஞ்சியும் மீசையும் ஒவ்வொன்று. எட்டு. டாக்டரம்மா பியூப்ரினார்பின் என்ற வலி ஊசியைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மருந்து வேலை செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வயரை யாரும் தொடக் கூடாது. அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கம்பிய எடுக்காம சும்மா உக்காந்திருக்கீங்களே!" நியாயமான கோபம். ஆனால் வலியோடு இருக்கிற பூனையை மயக்கத்துக்குக் கொண்டுபோனால் மயக்க மருந்து அதிகம் செலவாகும், மருந்து கூடக்கூட மூச்சும் ரத்த அழுத்தமும் இறங்கும். வலியை முன்னாலேயே அடக்கிவிட்டால் பாதி மருந்தில் வேலை முடியும். முக்கால் மணி நேரம் கழித்து மூஞ்சி உருண்டைக்குத் திரும்பியிருந்தது, காது முன்னால் வந்திருந்தது. மதிப்பெண் மூன்று. அப்புறம்தான் கெட்டமைன் என்ற மயக்க மருந்து, அப்புறம்தான் கட்டர்.

கெட்டமைனில் பூனை கண்ணை மூடாது. கருவிழி விரிந்து, முழித்துக்கொண்டே கிடக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்த அந்த அம்மா "உசுரு போயிடுச்சா?" என்று கேட்டார். இமை மூடாததால் கண் காய்ந்து புண்ணாகும் என்று களிம்பு போடுகிறோம். அந்தப் பளபளப்பு இன்னும் பயமுறுத்தும். இன்னொரு விஷயம், மார்ஃபின் வகை மருந்து கொடுத்தால் மனுஷருக்குக் கருவிழி ஊசிமுனையாகச் சுருங்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் அளவைக் கணிப்போம். பூனைக்குத் தலைகீழ், விரிந்துபோகும். வாழ்க்கை முழுக்கப் பழகிய ஒரு அடையாளத்தைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மார்ஃபின் கொடுத்தால் பூனைக்கு வெறி பிடிக்கும் என்று ஒரு காலத்தில் புத்தகங்களிலேயே இருந்தது. தேவையைப் போல எத்தனையோ மடங்கு கொடுத்துப் பார்த்து எழுதியது. அந்த ஒரு பயத்தில் எத்தனை தலைமுறைப் பூனைகள் வலியோடு கிடந்தனவோ.

இப்போது பஸ்ஸுக்குத் திரும்புவோம். முகாம்களிலும் சின்ன கிளினிக்குகளிலும் சாதாரணமாக ஓடுவது சைலசின் என்ற மயக்க ஊசியும் கெட்டமைனும். பூனை ஆடாமல் கிடக்கும், வேலை சுத்தமாக முடியும். ஆனால் அவற்றின் வலி அடக்கும் சக்தியை ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. பியூட்டர்பனால் என்ற வலி ஊசியும் போட்டிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மணி. கர்ப்பப்பையை எடுத்த வலி அதற்குள் முடியுமா? மூன்று மணிக்குத் தையல் முடிந்த பெட்டைப் பூனைக்கு வலி ஏறத் தொடங்குவது சரியாக நாலரை மணி பஸ்ஸில், பாதி வழியில். ஊசி போட்டவர் கண்ணில் அந்த வலி படுவதே இல்லை. அவரைப் பொறுத்தவரை பூனை அமைதியாகத்தான் போனது.

இதற்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது, மரப்பு மருந்து. அறுக்கும் இடத்திலும், கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் தசைநாரிலும் புபிவகெய்ன் விட்டால் நாலு மணி நேரம், சில சமயம் ஆறு மணி நேரம் தாங்கும். லைசென்ஸ் வேண்டாம், விலையும் சொற்பம். அளவில் மட்டும் கை நடுங்க வேண்டும். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால், 4 கிலோ பூனைக்கு அரை சதவீதக் கரைசலில் 1.6 மில்லி. அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது, ரத்தக்குழாய்க்குள் போகவே கூடாது, இதயத்தை நிறுத்திவிடும். மனுஷத் தியேட்டரில் 20 மில்லி சிரிஞ்சில் இழுத்துப் பழகிய கை எனக்கு. இங்கே இன்சுலின் சிரிஞ்சு அளவில் யோசிக்கிறேன்.

மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் வருகின்றன. பதிவேடு, பூட்டுப் போட்ட அலமாரி, இன்ஸ்பெக்டர். டிரமடாலும் 2018-லிருந்து அந்த வளையத்துக்குள் போய்விட்டது. தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் மலையில் இருக்கும் ஒற்றை டாக்டர் கிளினிக், இந்தக் காகித வேலைக்குப் பயந்து நல்ல வலி மருந்தே வைக்காமல் இருந்துவிடுகிறது. அதன் பாரம் கடைசியில் பூனையின் வயிற்றில் இறங்குகிறது. டிரமடால் மாத்திரை பூனைக்கு நன்றாகவே கேட்கும், ஆனால் கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. வாயில் நுரை தள்ளி, கொடுத்தவர் கையைக் கிழித்துவிடும். பியூப்ரினார்பினில் ஒரு வசதி உண்டு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சொட்டாக விட்டாலே ஏறிவிடும். பூனையின் எச்சில் காரத்தன்மை உள்ளது என்பதால் அது நடக்கிறது.

அலமாரியில் சுலபமாகக் கிடைக்கும் மருந்துகளிடம்தான் எனக்குப் பயம் அதிகம். வீட்டுக்குப் போன பூனை சோர்ந்து கிடக்கிறது. "காய்ச்சல்போல இருக்கு" என்று குழந்தைக்குக் கொடுப்பதுபோல பாராசிட்டமால் அரை மாத்திரை. நல்ல எண்ணம்தான். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் வேலை செய்யாது. மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பாதியே பல சமயம் போதும். முகமும் பாதங்களும் வீங்கும், ஈறு காப்பிப் பழுப்பாகும், ஊசியில் இழுத்தால் ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும். ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க மாட்டேன் என்கிறது. அசிட்டைல் சிஸ்டீன் என்று மாற்று மருந்து இருக்கிறது, சில மணி நேரத்துக்குள் வந்தால். ராத்திரி மாத்திரை, காலையில் பஸ் என்றால் பெரும்பாலும் தாமதம். இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தில் கை வைக்கும்.

டைக்ளோஃபினாக் என்றதும் கோடநாடு காட்சிமுனை நினைவுக்கு வருகிறது. அங்கே நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானது அது. 1990-களிலிருந்து நாட்டில் மூன்று இனப் பாறுகள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்ததற்குக் காரணம், மாட்டுக்கு வலிக்காகப் போட்ட இதே டைக்ளோஃபினாக். செத்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், 2023-இல் கீட்டோப்ரோஃபனையும் அசிக்ளோஃபினாக்கையும். பாறுக்கு ஒன்றும் செய்யாத மருந்து என்று தேடிப் பார்த்துப் பரிந்துரைத்தது மெலாக்சிகாம். பூனைக்கும் நாங்கள் எடுப்பது அந்த மருந்தைத்தான். பாறுக்கும் பூனைக்கும் ஒரே அலமாரியில் பதில் இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் மெலாக்சிகாமும் சாது இல்லை. தண்ணீர் வற்றிய பூனைக்கும், சிறுநீரகம் பழுதான கிழப் பூனைக்கும் கொடுக்கக் கூடாது. அதிகமாகக் கொடுத்தாலும், இஷ்டத்துக்கு நாள்கணக்கில் நீட்டினாலும் சிறுநீரகம் போகும். அமெரிக்காவில் 2010-இல் இதற்காக எச்சரிக்கைக் கட்டமே போட்டார்கள். வாயில் ஊற்றும் திரவம் நாய்க்கு மில்லிக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கு 0.5. பாட்டில் ஒரே மாதிரி. வீட்டில் நாயும் இருந்து, பாட்டில் மாறினால் மூன்று மடங்கு. எழுதிக்கொடுத்த அளவை, எழுதிக்கொடுத்த நாட்கள் மட்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு டாக்டரம்மா ஒரு விதி வைத்தார். பூனை ஆபரேஷன் என்றால் காலை முதல் வேலை. பத்து மணிக்கு மேல் வந்தால் மறுநாள். முடிந்ததும் குறைந்தது நாலு மணி நேரம் எங்களிடம் இருக்கும். தலையைத் தானாக நிமிர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும், உடல் சூடு 37.5-க்கு மேல் ஏறியிருக்க வேண்டும், எழுந்து நாலடி நடக்க வேண்டும், முகத்தில் மதிப்பெண் மூன்றுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி இங்கேயே. கூலி நாள் போகிறதே என்று சிலர் சண்டை போடுவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, ஒரு நாள் கொழுந்து பறிக்காவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதற்காகவே, காலையில் பூனையை விட்டுவிட்டு வேலைக்குப் போய், சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினோம். பாதிச் சண்டை அதில் அடங்கியது. மீதி வழக்கம்போல் நடக்கிறது.

அட்டைப்பெட்டி வேண்டாம், அடி தட்டையாக உள்ள பிளாஸ்டிக் கூடை என்றும் சொல்லிவிட்டோம். உள்ளே கம்பளி, பூனை பக்கவாட்டில் படுத்து, கழுத்து நேராக நீண்டு, மூக்கு கம்பியோரம் தெரிகிற மாதிரி. மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும், சீட்டுக்கடியில் இல்லை. மூக்கு தெரிந்தால்தான் மூச்சு தெரியும்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது என்பதற்கு இப்போது எல்லார் கையிலும் இருக்கும் போன்தான் உதவுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ, மறுநாள் காலை ஒன்று. அந்தக் கடுவன் பூனையைக் கொண்டுவந்த அம்மாவிடம் போன் இல்லை, லைன் வீட்டுப் பையன் ஒருவன் எடுத்து அனுப்பினான். முதல் போட்டோவில் பூனையின் முதுகும் அடுப்பும்தான் இருந்தன. "தம்பி, முதுகு வேண்டாம், மூஞ்சி வேணும். தரையில படுத்து, அது கண்ணு மட்டத்துல எடு. ஃபிளாஷ் போடாதே, கண்ணை இடுக்கிக்கும். கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதே, அது பாட்டுக்கு இருக்கறப்ப எடு" என்றேன். இரண்டாவது சரியாக வந்தது. காது ஒன்று, கண் ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம். காலையில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மருந்தைக் கொடுத்துவிட்டு மூன்றாவதை அனுப்பச் சொன்னேன். அதில் அவன் பூனைக்குப் பக்கத்தில் தன் மூஞ்சியையும் வைத்திருந்தான். இப்போது அந்த லைன் பக்கம் யார் வீட்டுப் பூனைக்கு என்ன ஆனாலும் போட்டோ அவனிடமிருந்துதான் வருகிறது, மதிப்பெண்ணோடு. மீசைக்கு மட்டும் எப்போதும் ஒன்று குறைத்துப் போடுகிறான். அதைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.